குறட்டை கேலிப் பொருளல்ல, தோழர்களே!

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது சம்பளம், விலைப்படி, வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி. இன்று அவற்றையெல்லாம் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு உறக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உறக்கத்திலும் குறட்டையைப் பற்றி.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், தவறில்லை. நாமும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தாம். அந்தச் சிரிப்புக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறோம்.

நாம் செய்த தவறு

நம் கிளைக்கு உட்பட்ட தோட்டமொன்றில் இரவுக் காவல் வேலை பார்த்த தோழர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கனத்த உடம்பு. லயத்தில் அவர் விடும் குறட்டை நாலு வீடு தள்ளிக் கேட்கும். பிள்ளைகள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்; பெரியவர்களும் அதைச் சொல்லிச் சிரித்தோம். காவல் நேரத்தில் உறங்கியதாக அவருக்கு மூன்று முறை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாலாம் முறை வேலை போயிற்று.

அவர் சங்கத்திடம் வந்தார். நாம் என்ன செய்தோம்? “காவல்காரரே, காவலில் உறங்கினால் நாங்கள் எந்த வாயால் பேசுவது?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதற்குப் பின் ஒரு வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்து காலமானார்.

உறக்க வியாதியால்தான் அவர் இறந்தார் என்று நாம் சொல்லவில்லை. அவரை யாரும் அந்த வியாதிக்காகப் பரிசோதிக்கவே இல்லை. நம் மனத்தை உறுத்துவது அதுதான். பகலெல்லாம் படுத்திருந்தும் இரவில் விழித்திருக்க முடியாத ஒரு மனிதரைப் பார்த்து, “ஐயா, உடம்புக்கு என்ன?” என்று ஒரு வார்த்தை நிர்வாகமும் கேட்கவில்லை, சங்கமும் கேட்கவில்லை. நிர்வாகம் அவரைச் சோம்பேறி என்றது. நாமும் அதையே நம்பினோம்.

அஃது என்ன வியாதி?

டாக்டர்கள் அதை ‘ஸ்லீப் அப்னியா’ என்கிறார்கள். நம் மொழியில் உறக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். உறங்கும்போது மூச்சு நின்று நின்று வருவது.

நாம் ரப்பரோடு பிழைப்பவர்கள். ஆகவே ரப்பரைக் கொண்டே விளக்குவோம். ஓர் இரும்புக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். குழாய்க்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை உறிஞ்சுங்கள். அதன் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், காற்று வராது. நம் தொண்டை இந்த ரப்பர்க் குழாயைப் போன்றது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. உறங்கியதும் அந்தத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது தொண்டைச் சதை அதிர்கிறது, அதுவே குறட்டை.

சிலருக்கு வழி குறுகுவதோடு நிற்பதில்லை, அடைத்தே விடுகிறது. நெஞ்சு மூச்சு இழுக்கப் பாடுபடுகிறது. காற்றோ உள்ளே போவதில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம் கூட. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி உடம்பை உலுக்குகிறது. ‘கர்’ என்று ஒரு சத்தம், ஒரு திணறல், மூச்சு திரும்புகிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. படுத்திருப்பவருக்கு இதில் ஒன்றுமே நினைவிருக்காது. இரவு முழுதும் நன்றாக உறங்கினேன் என்றுதான் சொல்வார்.

பத்து விநாடியாவது மூச்சு நின்றால், அல்லது மிகவும் குறைந்தால், டாக்டர்கள் அதை ஒரு தடையாக எண்ணுகிறார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. மணிக்கு 30 தடவை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தோளைப் பிடித்து உலுக்கினால் நாம் உறங்குவோமா? அந்த மனிதர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உறங்கியவர் ஆகார்.

இஃது ஏதோ அபூர்வ வியாதி என்று எண்ண வேண்டாம். 2019-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இஃது இருக்கலாம்.

படித்த கிராணிமார்களுக்கு இன்னொரு செய்தி. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் எழுதத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ கதையில் ஜோ என்ற பருத்த பையன் வருகிறான். நின்ற இடத்திலேயே உறங்கிக் குறட்டை விடுவான். நூறு ஆண்டுக்கும் மேலாக உலகம் அவனைப் படித்துச் சிரித்தது. 1956-இல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் பருத்த உடம்பும் பகல் உறக்கமும் கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, அந்தக் கதையின் பெயரையே வியாதிக்கு வைத்தார்கள். 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் டாக்டர்கள் உறங்குகிறவர்களின் மூச்சைக் கருவி வைத்து அளந்து, அது நின்று நின்று வருவதைக் காட்டினார்கள். நம் லயத்தில் நடந்ததே உலகத்திலும் நடந்திருக்கிறது.

உறக்கக் குறைவா? உறக்க வியாதியா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “நாங்கள் விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடுகிறவர்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்குகிறது. உறக்கம் வராமல் என்ன செய்யும்?” என்று கேட்பீர்கள்.

உண்மை. வளர்ந்த மனிதருக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். இரவு பதினொரு மணி வரை டி.வி.யும் கைப்பேசியும் பார்த்துவிட்டுக் காலை நாலு மணிக்கு எழுந்தால், கையில் கிடைப்பது ஐந்து மணி நேரம். அதற்கு டாக்டர் தேவையில்லை. ஒன்பது மணிக்குப் பாய் விரித்தால் போதும். ஆகவே முதலில் இரண்டு வாரம் நேரத்தோடு படுத்துப் பாருங்கள்.

ஏழெட்டு மணி நேரம் படுத்தும் காலையில் அடித்துப் போட்டது போல எழுகிறீர்களா? விடுமுறை நாளிலும் பகலில் கண் சொருகுகிறதா? அப்படியானால் உறக்கக் குறைவு மட்டும் காரணமல்ல. சோதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

டாக்டர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள் உண்டு. கனடாவில் ஒரு மருத்துவக் குழு 2008-இல் வெளியிட்டது. இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வாருங்கள்.

ஒன்று: மூடிய கதவுக்கு அப்பால் கேட்குமளவு குறட்டை விடுகிறீர்களா? இரண்டு: பகலில் அடிக்கடி களைப்பும் உறக்கமும் வருகிறதா? மூன்று: உறக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது கண்டிருக்கிறார்களா? நான்கு: இரத்தக் கொதிப்பு உண்டா, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஐந்து: உடம்பு மிகவும் கனமா? 165 செண்டிமீட்டர் உயரமுள்ளவர் 95 கிலோவுக்கு மேல் இருந்தால் ஆம் என்று கொள்ளுங்கள். ஆறு: வயது 50-க்கு மேலா? ஏழு: கழுத்துச் சுற்றளவு 40 செண்டிமீட்டருக்கு மேலா? தையற்கார நாடாவால் அளந்து பார்க்கலாம். எட்டு: நீங்கள் ஆணா?

மூன்று விரல் மடங்கினால் கவனம் தேவை. ஐந்தும் அதற்கு மேலும் மடங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒல்லியானவர்கள் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். தாடை சிறியதாகவோ பின் தள்ளியோ இருந்தால் மெலிந்த உடம்பிலும் தொண்டை அடைக்கும். ஆசிய மக்களிடையே இது காணப்படுவதாக டாக்டர்கள் சொல்கிறார்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுதல், மறதி, காரணமில்லாத கோபம், இல்லறத்தில் நாட்டமின்மை. பெண்களிடம் இந்த வியாதி ஒளிந்துகொள்ளும். அவர்கள் பெரிய குறட்டை விடாமலே களைப்பு, தலைவலி, உறக்கமின்மை என்று மட்டும் சொல்வார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கும் இது பெருகும். “வீட்டு வேலை, காட்டு வேலை, அதனால்தான் அசதி” என்று தாய்மார்கள் தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு விட்டு, குறட்டையோடு உறங்கி, பெரிய வயதிலும் படுக்கையை நனைத்து, பள்ளியில் கவனமில்லாமல் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டைச் சதை வளர்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பிரம்பு வைத்தியமல்ல, டாக்டரே வைத்தியர்.

விட்டுவைத்தால் என்ன?

இந்த வியாதி உள்ளவர்களுக்கு இரத்தக் கொதிப்பு அதிகம். மூன்று மாத்திரை சாப்பிட்டும் கொதிப்பு இறங்காத சிலருக்கு இதுவே காரணமாக இருக்கிறது. இருதயத் துடிப்புத் தாறுமாறாவது, பக்கவாதம், இனிப்புநீர் ஆகியவையும் இதனோடு சேர்ந்தே நடமாடுகின்றன.

எல்லாவற்றையும்விடச் சட்டென்று உயிரை எடுப்பது சாலை விபத்து. நம்மில் எத்தனை பேர் விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம்! கண் ஒரு மூன்று விநாடி மூடினால் போதும். லோரி ஓட்டுபவருக்கு அப்படி நேர்ந்தாலோ, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

லோரி டிரைவர் தோழரின் கதை

காவல்காரத் தோழரின் விஷயத்தில் தவறிய நாம், இரண்டாம் முறை தவறக் கூடாது என்று எப்படிக் கற்றோம் என்பதைச் சொல்கிறோம்.

மற்றொரு தோட்டத்தில் லோரி டிரைவர் ஒருவர். ஒரு நாள் காலை, வெட்டுக்காட்டிலிருந்து பாலும் ஆட்களும் ஏற்றி வந்தபோது, நேரான ரோட்டில், மழையுமில்லை, எதிரே வண்டியுமில்லை, லோரி கானில் இறங்கிவிட்டது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதமில்லை. இரண்டு பெண்களுக்குக் காயம். நிர்வாகம் காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று வதந்தி. அவரோ கள்ளும் சம்சுவும் தொடாதவர்.

விசாரணைக்கு முன் கமிட்டியினர் இருவர் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவிதான் பேசினார். “அண்ணே, இவரு தூங்கும்போது மூச்சு நின்னு போவுதுண்ணே. நான் எண்ணிக்கிட்டே கெடப்பேன். இருபது எண்றதுக்குள்ள வரலேன்னா தட்டி எழுப்புவேன். ஆறு வருஷமா இப்படித்தான். வெளியே சொன்னா வேலை போயிடும்னு சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

ஆறு வருஷம் ஒரு பெண் இரவெல்லாம் கணவனின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்! விடிந்ததும் அவரும் வெட்டுக்குப் போயிருக்கிறார். அன்று அந்த அம்மாளின் முன் நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

விசாரணையில் நாம் ஒன்றே கேட்டோம்: “முதலில் டாக்டர் பார்க்கட்டும், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.” பரிசோதனை முடியும் வரை அவர் லோரி ஓட்ட மாட்டார் என்று நாமே முன்வந்து சொன்னோம். ஸ்டோரில் வேலை கேட்டு வாங்கினோம். கூலி குறைந்தது, கிளை நிதியிலிருந்து கொஞ்சம் கை கொடுத்தோம். பரிசோதனையில் மணிக்கு 42 தடவை மூச்சுத்தடை என்று வந்தது. விசாரணை எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. வேலை பிழைத்தது. சிகிச்சை பலித்து, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

தோழர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வேலை நேரத்தில் உறங்குவதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வியாதியைச் சாக்காகச் சொல்வது வேறு. வியாதியே காரணமாக இருப்பது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லும் அதிகாரம் டாக்டருக்கு உண்டு. துரைக்கும் இல்லை, மண்டோருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

எங்கே போவது?

முதற்படி, பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. “அசதியாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: குறட்டை விடுகிறேன், உறக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டார் கண்டார்கள், பகலில் என்னையறியாமல் உறங்கிவிடுகிறேன். வண்டியோ இயந்திரமோ ஓட்டுபவர் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கணவனோ மனைவியோ கூடப் போவது நல்லது. உறங்குகிறவருக்குத் தன் வியாதி தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவரே சாட்சி. இரவில் இரண்டு மூன்று நிமிடம் கைப்பேசியில் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். பத்து நிமிடம் பேசி விளங்காதது அதில் விளங்கும்.

கிளினிக் டாக்டர் கடிதம் எழுதி, காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கோ மூச்சு நோய்ப் பிரிவுக்கோ அனுப்புவார். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளி. கிளினிக் கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து வையுங்கள். வெளிநாட்டுத் தோழர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் கூடுதல். அவர்கள் போகுமுன் சங்கத்திடம் கேட்கட்டும், சேர்ந்து வழி தேடுவோம்.

பிறகு உறக்கப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் ஓரிரவு தங்கிச் செய்வதும் உண்டு. சிறு கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிச் செய்வதும் உண்டு. விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு சிறு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. ஊசியில்லை, வலியில்லை.

ஆனால் காத்திருக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இல்லை. நம் டிரைவர் தோழர் கிளினிக்கிலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்து முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. தேதி தள்ளிப் போனால் சோர்ந்துபோய் விட்டுவிடக் கூடாது. வேலையில் உறங்கிவிடும் ஆபத்து உண்டு என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னால், அவசரத்தைப் பார்த்து முன்னதாகத் தேதி கிடைப்பதும் உண்டு.

என்ன வைத்தியம்?

கடுமையான வியாதிக்கு முதல் வைத்தியம் ‘சிபேப்’ என்னும் காற்று இயந்திரம். ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் என்ற டாக்டரும் அவர் தோழர்களும் 1981-இல் இதனை உலகுக்கு அறிவித்தார்கள். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிக் காற்று ஊதச் செய்துதான் முதலில் பரிசோதித்தார்கள். சைக்கிள் டியூபில் காற்று இருந்தால் அதன் பக்கங்கள் ஒட்டுவதில்லை அல்லவா? அதே தத்துவந்தான். மூக்கில் ஒரு முகமூடி. அதன் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்று போய்த் தொண்டையை விரித்து வைக்கிறது. அது பிராணவாயுச் சிலிண்டர் அல்ல, மருந்தும் அல்ல. மாட்டிய இரவில் வேலை செய்யும். மாட்டாத இரவில் வியாதி திரும்பும்.

முதல் வாரம் யாருக்கும் தொல்லைதான். டிரைவர் தோழர் மூன்றாம் நாள் முகமூடியைக் கழற்றி எறிந்தார். அளவு பெரிது, காற்று கண்ணில் அடித்தது. ஆஸ்பத்திரியில் வேறு அளவு மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. “சத்தமே வரலே. பயந்துபோய் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பார்த்தேன்” என்றார் அவர் மனைவி. ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த அம்மாளும் உறங்கினார்.

இயந்திரத்தின் விலை சில ஆயிரம் வெள்ளி. அந்த விலையைக் கேட்டதும் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். வராதீர்கள். ஆஸ்பத்திரியிலுள்ள மருத்துவ சமூகப்பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வருமானம் குறைந்த நோயாளிகளுக்கு உதவி நிதிக்கு மனுப் போட்டுத் தருவது அவர்கள் வேலை. சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு, டாக்டர் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். மனுவை எழுதிக் கொடுக்கக் கிராணித் தோழர்கள் கை கொடுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் சேமநிதியில், 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு ஒன்று உண்டு; முடியாத பட்சத்தில் அதில் கைவைக்கலாம். டிரைவர் தோழருக்கு உதவி நிதியில் பாதி, சேமநிதியில் கொஞ்சம், தோழர்கள் போட்ட காசு கொஞ்சம் என்று சேர்ந்துதான் இயந்திரம் வந்தது.

மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ பயன்படுத்திய இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். 2021-இல் உள்ளேயிருக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்ற அச்சத்தால் லட்சக்கணக்கான இயந்திரங்கள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. தவிரவும், காற்றழுத்தம் ஒவ்வொருவருக்கும் வேறு. டாக்டர் சொல்லியே வைக்க வேண்டும். குறட்டைக்கு எண்ணெய், குறட்டைக்கு மோதிரம், குறட்டைக்கு வாய்ப்பட்டை என்று சந்தையில் விற்பவரிடம் காசைக் கொட்ட வேண்டாம்.

இலேசான வியாதிக்கு வேறு வழிகளும் உண்டு. கீழ்த்தாடையை முன்னே பிடித்து வைக்கும் பல்கருவி சிலருக்கு உதவும். தொண்டைச் சதை பெருத்திருந்தால் அறுவை சிகிச்சை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவே முதல் வைத்தியம்.

காசில்லாமல் செய்யக் கூடியவையும் உண்டு. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். உடம்பு கனத்தவர் எடையைக் குறையுங்கள். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், எடை நூற்றுக்குப் பத்துக் குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை நூற்றுக்கு 26 அளவு குறையக் கண்டார்கள். புகைப்பதை விடுங்கள். மாலையில் சம்சுவோ பீரோ குடித்துவிட்டுப் படுத்தால், தளர்ந்த தொண்டை இன்னும் தளரும். உறக்கம் நன்றாக வருவது போலத் தோன்றும், மூச்சு அதிகம் நிற்கும். டாக்டரைக் கேட்காமல் உறக்க மாத்திரையும் வேண்டாம்.

இயந்திரம் மாட்டினால் மாரடைப்பே வராது என்று எந்த நேர்மையான டாக்டரும் வாக்களிக்க மாட்டார். பகல் உறக்கம் தெளியும், இரத்தக் கொதிப்பு ஓரளவு இறங்கும், வண்டியோட்டும் ஆபத்துக் குறையும். கொதிப்பு மாத்திரையையும் இனிப்புநீர் மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை. பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு டாக்டர் சீட்டு வாங்கி ஆபீசில் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது.

முறையான விசாரணையின்றித் தவறான நடத்தைக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதும் அதே சட்டம். அப்படியே நீக்கப்பட்டாலும், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் மனுச் செய்யலாம். அறுபத்தோராம் நாள் வந்தால் அந்தக் கதவு மூடிவிடும். நம் காவல்காரத் தோழருக்கு அந்த அறுபது நாளும் இருந்தன. அவற்றை அவருக்கு எண்ணிச் சொல்ல நாம் தவறினோம்.

இனி நாம் செய்ய வேண்டியது

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, வேலையில் உறங்கியதாக எந்தத் தோழர்மீது கடிதம் வந்தாலும், கமிட்டியின் முதற்கேள்வி “ஏன் உறங்கினாய்?” என்பதாக இருக்கக் கூடாது, “உடம்புக்கு என்ன?” என்பதாக இருக்க வேண்டும். அவர் வீட்டாரையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, லோரி, டிராக்டர், இயந்திரம் ஓட்டும் தோழர்கள் அனைவரும் அந்த எட்டுக் கேள்விகளுக்கும் விரல் மடக்கிப் பார்க்க வேண்டும். பயத்தால் மறைக்க வேண்டாம். மறைத்தால் வேலையும் போகலாம், உயிரும் போகலாம். பிறர் உயிரும் போகலாம். சொன்னால், சங்கம் பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவது, தாய்மார்களுக்கு. இரவில் மூச்சை எண்ணிக்கொண்டு தனியே கிடக்க வேண்டாம். கணவர் கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். கிளினிக்கில் சொல்லுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பதல்ல, காப்பாற்றுவது.

அந்தக் காவல்காரத் தோழரின் குடும்பத்தார் இன்றும் நம் பகுதியில்தான் இருக்கிறார்கள். இந்த உரையைப் பேசுமுன் அவர் துணைவியாரைப் போய்ப் பார்த்தோம். நம் தவறைச் சொன்னோம். அவர் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, “மத்தவங்களுக்காவது சொல்லுங்க” என்றார். அவர் சொற்படி சொல்லிவிட்டோம்.

இன்றிரவு உங்கள் லயத்தில் யாராவது பலமாகக் குறட்டை விட்டால், சிரிக்குமுன் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். குறட்டை நடுவில் நின்று, அமைதியாகி, பிறகு திணறலோடு திரும்பினால், விடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.